அழவும் உரிமை வேண்டும்

வவுனியா

வவுனியாவில் ஊர்ப்பெயர்களிலேயே தண்ணீர் இருக்கிறது. நெளுக்குளம், பண்டாரிகுளம், கூமாங்குளம், வைரவபுளியங்குளம். எந்தத் தெருவில் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு குளக்கட்டு வந்துவிடுகிறது. மாலையில் அதன்மேல் பெண்கள் நடக்கிறார்கள். கீழே தாமரை இலைகளுக்கு நடுவே கொக்குகள் நிற்கின்றன. கண்மாய்களை மூடிக் கட்டடம் எழுப்பிய மதுரையிலிருந்து வருகிற எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்தது.

நான் தங்கிய வீட்டு அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையில் குரக்கன் புட்டும் எருமைத் தயிரும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவருடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977 கலவரத்தில் துரத்தப்பட்டு இங்கே வந்தது. "அப்பா ஒரு தகரப் பெட்டியோட வந்தவர். காந்தியம்தான் காணி பார்த்துத் தந்தது. பிள்ளையளுக்குப் பாலும் தந்தது" என்றார்.

காந்தியம் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அறிந்தவர்கள் குறைவு. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் சேர்ந்து நடத்திய இயக்கம் அது. கலவரத்தில் எல்லாம் இழந்து வந்த மலையகக் குடும்பங்களை வவுனியாவின் காட்டோரக் காணிகளில் குடியமர்த்தினார்கள். கிணறு வெட்டினார்கள், பாலர் பள்ளி வைத்தார்கள், குழந்தைகளுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். அடித்து விரட்டப்பட்ட ஒருவனின் பயம் தணிய வேண்டுமானால் அவன் காலுக்குக் கீழே நிலம் வேண்டும் என்று அந்த மருத்துவர் புரிந்துகொண்டிருந்தார். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அதே ஆண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

நான் மதுரையில் உளவியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகங்களில் நோய் ஒரு தனி ஆளுக்குள் இருக்கிறது. மருத்துவர் அறைக்குள் இருக்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. ஓர் ஊரையே அடித்தால் வலி யாருக்குள் இருக்கும் என்ற கேள்விக்கு அந்தப் புத்தகங்களில் பக்கம் ஒதுக்கப்படவில்லை. இந்த வன்னி மண்ணில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதற்கு உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் இந்தப் பயணம்.

செட்டிகுளம்

மன்னார் வீதியில் மேற்கே போனால் செட்டிகுளம். மெனிக் பாம் முகாம் இருந்த இடத்தைக் காட்டுவதற்கு ஓர் அக்கா கூட வந்தார். இப்போது அங்கே பற்றைக்காடும் இடையிடையே வயலும்தான். "இதில ஒரு கொட்டில், இதில ஒரு கொட்டில், அதில தண்ணிக்கு வரிசை" என்று அவர் வெறும் தரையைச் சுட்டிச் சுட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

2009இல் போரின் இறுதி நாட்களில் வெளியே வந்த மக்கள், கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர், முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். பெரும்பகுதியினர் இருந்தது இங்கேதான். முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று புகழ்பெற்ற தமிழர்களின் பெயர்கள். 2012 செப்டம்பரில்தான் முகாம் முழுதாக மூடப்பட்டது.

அப்போது வவுனியா மருத்துவமனையில் உளமருத்துவராக இருந்த சிவதாஸ் இந்த வேலிக்குள் உளநலச் சேவையை நடத்தியவர்களில் முக்கியமானவர். 'நலமுடன்' என்ற அவருடைய தமிழ் நூலை இங்கே பல வீடுகளில் பார்த்தேன். மூன்று இலட்சம் பேருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய உளமருத்துவர்கள். ஆகவே முகாமில் இருந்தவர்களிலிருந்தே உதவியாளர்கள் வர வேண்டியிருந்தது. கூட வந்த அக்கா அப்படி வந்தவர்தான்.

"நானும் உள்ளுக்கதான் இருந்தனான். என்ர தம்பியைக் குடுத்திட்டு வந்தனான். ஆனா மற்றவையின்ர கதையைக் கேட்கக் கேட்க எனக்கும் நிக்கிறதுக்குக் கால் வந்தது" என்றார். மக்கள் என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டேன். "ஆரும் மனசு சரியில்லை எண்டு வாறேல்லை. பெருமூச்சு வருது, நெஞ்சு அடைக்குது, தலை கொதிக்குது எண்டுதான் வருவினம். ஒரு அம்மாவுக்கு நித்திரைக் குளிசை குடுத்தும் நித்திரையில்லை. மகள் அடுத்த வலயத்தில இருக்கிறா எண்டு நாங்கள் தேடிப் பிடிச்சுச் சொன்னம். அண்டைக்கு இரவு மனுசி விடியும்வரை நித்திரை கொண்டவ."

உளவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் சொல்ல வேண்டியதை அந்த அக்கா மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்தத் தாயின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு வேலி. வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று தெரிவதுதான் அவருக்கு மருந்து. வேலியைக் கணக்கில் எடுக்காத மருத்துவம் அவருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும்.

முகாம் காலத்துக்குப் பிறகு நடந்ததும் இதோடு சேர்ந்தது. வடக்கில் எந்த அமைப்பு எந்த வேலையைச் செய்யலாம் என்பதை ஒரு ஜனாதிபதி செயலணி தீர்மானித்தது. வீடு கட்டலாம், வீதி போடலாம். உளசமூகப் பணிக்கு மட்டும் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. துயரத்தை உட்கார்ந்து கேட்டால், எப்படி நடந்தது, யார் செய்தார்கள் என்பதும் கூடவே வெளிவரும். ஆறுதல் சொல்ல வந்தவர் சாட்சியாகிவிடுவார். அதனால்தான் ஆற்றுப்படுத்தலைக் கண்டு அதிகாரம் பயந்தது. இறுதிவரை வன்னியில் நின்று காயம் கட்டிய அரச மருத்துவர்கள் 2009 மே மாதம் தடுத்து வைக்கப்பட்டு, ஜூலையில் கொழும்புச் செய்தியாளர்கள் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன உயிரிழப்பு எண்ணிக்கைகள் மிகை என்று சொன்னதை உலகமே பார்த்தது.

முறிகண்டி

ஏ9 வீதியில் வடக்கே போகிற எந்த வண்டியும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவதில்லை. ஓட்டுநர் இறங்கித் தேங்காய் உடைக்கிறார். பயணிகள் திருநீறு பூசிக்கொண்டு கச்சான் என்கிற நிலக்கடலை வாங்குகிறார்கள். வறுத்த கச்சான் மணம் வீதி முழுக்க நிற்கிறது. ஓமந்தையிலிருந்து இதுவரை இருபுறமும் பாலை மரமும் வீரை மரமும். நடுநடுவே இராணுவ முகாம்களின் நீண்ட வேலிகள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நின்ற கதையைப் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

கச்சான் விற்கும் பெண்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அரசு ஆவணங்களில் அவருடைய வீட்டுக்குப் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று பெயர். கோழி வளர்க்க நுண்கடன் எடுத்திருக்கிறார். அதை அடைக்க இன்னொன்று. கிழமைக்கொருமுறை தவணைக்கு ஆள் வரும். பணம் கட்டும்வரை முற்றத்தில் கதிரை போட்டு உட்காரும். "ராவில நெஞ்சு படபடக்கும் தங்கச்சி. கிளினிக்கில குளிசை தந்தவை. குடிச்சால் கை நடுக்கம் நிக்குது. ஆனா செவ்வாய்க்கிழமை வந்தால் திரும்பத் தொடங்கிடும்." செவ்வாய்தான் தவணை நாள்.

வன்னியில் நுண்கடன் பல பெண்களைச் சாவுவரை துரத்தியிருக்கிறது. போரில் எல்லாம் இழந்த வீடுகளுக்குள் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வெகு விரைவாக நுழைந்தன; வட்டி மிகக் கடுமையாக இருந்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2018இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அந்த அறிவிப்பு எத்தனையோ வீடுகளில் எந்தக் குளிசையும் செய்யாத வேலையைச் செய்திருக்கும். ஆகவே வன்னியில் ஓர் உளவளத்துணையாளர் கடன் அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக் கடன்காரர் முன் ஒன்றாக நிற்கச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சுப் படபடப்புக்கு அதுவும் வைத்தியம்தான்.

கிளிநொச்சி

2009 ஜனவரி 2 அன்று இராணுவம் கைப்பற்றிய நகரம் இது. போரில் சாய்ந்த பெரிய நீர்த்தாங்கி பல ஆண்டுகள் வீதியோரத்தில் காட்சிப்பொருளாகக் கிடந்தது; தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று வங்கிகளும் துணிக்கடைகளும் அகல வீதியுமாக நகரம் எழும்பியிருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் பச்சையாக விரிகிறது. மதியம் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிச் சோறும் குளத்து மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் கிடைத்தன. கடைக்காரர் "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று இரண்டாம் முறை சோறு போட்டார்.

இந்த ஊர்க் கந்தசுவாமி கோவில் முன்பாகத்தான் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உட்கார்ந்தார்கள். சரணடைந்த பிள்ளை எங்கே, கையைப் பிடித்து ஒப்படைத்த கணவன் எங்கே என்பது ஒன்றுதான் கேள்வி. பதில் வராமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இறந்துவிட்டார்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரச ஆணைக்குழு முன்பாக, வன்னியில் இருந்தவர்களில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று அரசின் புள்ளிவிவரங்களை வைத்தே சொன்னார். அதற்கும் இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மகனின் படம் சுவரில் இருந்தது. மாலை இல்லை. அந்தப் படத்துக்கு மாலை போட்டால் அவன் இறந்ததாக ஒப்புக்கொண்டது ஆகிவிடும். பக்கத்திலேயே கணவருடைய படம், அதற்கு மாலையும் விளக்கும். "அவர் செத்ததைக் கண்ணால கண்டனான் பிள்ளை. அழுதன், எட்டுச் செலவு செய்தன், திவசம் குடுக்கிறன். மகனுக்கு என்ன செய்யிறது? சோறு வைச்சுக் காத்திருக்கிறதா, பிண்டம் வைக்கிறதா?" இரண்டு இழப்பும் ஒரே பெண்ணுக்கு, ஒரே வீட்டில். ஒரு துயரம் ஆறியிருக்கிறது, மற்றது ஆற மறுக்கிறது. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ் வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைக் கண்டு, முடிவு தெரியாத இழப்பு என்று ஒன்றைத் தனியாகப் பிரித்து எழுதினார். நோய் அந்த மனிதரிடம் இல்லை, அவர் நிறுத்தப்பட்ட நிலைமையில் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. இந்த அம்மாவை மனச்சோர்வு என்ற பெட்டிக்குள் போட்டு மாத்திரை எழுதினால், விடை சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இதைத் தமிழில் ஆழமாகச் சிந்தித்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்த 1993இலேயே 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். மேற்கத்தியக் கையேடுகளில் இருந்த நோய்ப்பெயர்களை வைத்துத் தொடங்கியவர், ஒரு கட்டத்தில் அவை போதாது என்று கண்டார். ஒருவரை ஒருவர் நம்பாமை, பேச்சே அடங்கிப்போதல், நிவாரணத்தையே பார்த்திருத்தல், குடும்பத்துக்குள் வன்முறை, ஊருக்கு வழிகாட்ட ஆளில்லாமை: இவை எந்தத் தனி ஆளின் நோயட்டையிலும் வராது. சமூகமே காயப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதினார். வன்னியிலிருந்து வந்தவர்களை வைத்து அவர் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஓம் என்று உச்சரிப்பது, செபமாலை உருட்டுவது, திக்ர் ஓதுவது, சாந்தி ஆசனம் என்று மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். உளமருத்துவர் சிவயோகனும் யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிலையமும் அந்த வழியைத் தொடர்ந்தார்கள்.

எண்களும் இதையே சொல்கின்றன. 2009 ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வு 2011இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் 7 சதவீதம், மனச்சோர்வு 22.2; பதற்றம் 32.6. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் தேடுவது அந்த 7 சதவீதத்தைத்தான். குண்டுச் சத்தத்தின் நினைவைவிட நாளையைப் பற்றிய பயமும் இழப்பின் பாரமும் மக்களைக் கூடுதலாக அழுத்தின.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் சொந்த மாநிலத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் எரிந்து இறந்தார்கள். முறையான சிகிச்சை கிடைத்திருந்தால் அவர்கள் அங்கே கட்டுண்டு கிடந்திருக்க மாட்டார்கள். கடும் மனநோய்க்கு மருத்துவர் வேண்டும். தமிழ் பேசும் மருத்துவர், நடந்துபோகும் தூரத்தில் வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதைத்தான் வன்னி கேட்கிறது.

தொலைவில் இன்னொரு நாடும் இதையே கேட்டது. எல் சல்வடோரில் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்ற இயேசு சபைத் துறவி சமூக உளவியல் கற்பித்துவந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்க்காத உளவியல் அவர்களுக்கு உதவாது என்பதும், போரின் காயம் மனிதர்களுக்கு இடையிலான உறவில் விழுகிறது என்பதும் அவர் நிலைப்பாடு. 1989 நவம்பர் 16 அன்று இராணுவம் அவரையும் உடனிருந்த துறவிகளையும் சுட்டுக் கொன்றது. அதற்குச் சரியாக எட்டு வாரம் முன்பு, செப்டம்பர் 21 அன்று, யாழ்ப்பாணத்தில் மருத்துவப்பீட விரிவுரையாளர் ரஜனி திரணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். போரில் நொறுங்கிய பெண்களுக்காகப் பூரணி இல்லத்தில் உழைத்தவர். தயா சோமசுந்தரம் உட்பட மூவரோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதியவர். இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று ஆயுதம் ஏந்திய எல்லோரும் மக்களுக்குச் செய்ததை ஒளிக்காமல் பதிந்த நூல் அது. கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரே ஆண்டு, ஒருவர் அரசின் துப்பாக்கிக்கு, மற்றவர் சொந்த இனத்தின் துப்பாக்கிக்கு. மக்களின் காயத்தை உள்ளபடி எழுதுகிறவரை ஒடுக்குகிற எவராலும் பொறுக்க முடிவதில்லை.

விசுவமடு, புதுக்குடியிருப்பு

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் கிழக்கே போனால் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. மணல் கலந்த தரையில் கச்சானும் மிளகாயும். 2009இன் தொடக்கத்தில் மக்கள் இதே வீதியில்தான் உழவு இயந்திரங்களில் வீட்டுக் கூரைத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு கடலை நோக்கிப் போனார்கள். ஒவ்வோர் ஊரிலும் கொஞ்ச நாள், பிறகு அடுத்த ஊர்.

விசுவமடுவில் பெண்கள் சிலர் சேர்ந்து மிளகாய்த்தூள் இடிக்கிற ஒரு கொட்டகையில் பிற்பகலைக் கழித்தேன். அவர்களில் புலிகள் இயக்கத்தில் இருந்து அரசின் புனர்வாழ்வு முகாம் போய் வந்தவரும் இருந்தார்; இயக்கத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத பிள்ளையின் தாயும் இருந்தார். போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் அந்தப் புனர்வாழ்வு முகாம்களுக்குள் வைக்கப்பட்டார்கள். வெளியே வந்தபின்னும் விசாரிப்பு நிற்கவில்லை. ஊரும் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது.

இறுதிக் காலத்தில் இங்கே பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள்ளும் மாட்டுக்கொட்டிலுக்குள்ளும் ஒளித்தார்கள்; புலிகள் பிடித்துப் போகாமலிருக்கப் பதினைந்து பதினாறு வயதில் கலியாணம் கட்டிவைத்தார்கள். அந்தக் கலியாணங்கள் பலவும் பிறகு நிலைக்கவில்லை. இதைச் சொல்லாமல் அரசின் ஒடுக்குமுறையை மட்டும் சொன்னால் வன்னியின் துயரத்தில் பாதி மறைந்துவிடும்.

"முதல் ரெண்டு வருசம் நாங்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை" என்றார் அந்தத் தாய். "இவவைப் பாக்க எனக்கு என்ர பிள்ளையைக் கொண்டுபோனவையின்ர முகம் வரும்." அந்தப் பெண் உலக்கையை நிறுத்தாமலே சொன்னார்: "என்னையும் பிடிச்சுத்தான் அம்மா கொண்டு போனவை. அது அம்மாவுக்கு இங்க வந்துதான் தெரியும்." இப்போது அவர் உண்மையிலேயே அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். ஓர் உளவளத்துணையாளர் அந்தக் கொட்டகைக்குக் கிழமைதோறும் வந்து, பேசு என்று வற்புறுத்தாமல், தானும் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வேலையும் வருமானமும் முதலில் வந்தன. பேச்சு அதன் பின்னால் வந்தது. தயா சோமசுந்தரம் சொன்ன கூட்டுக் காயம் ஆறத் தொடங்குகிற இடத்தை நான் அங்கே பார்த்தேன்.

பாலைப்பழப் பருவம் தொடங்கியிருந்தது. புறப்படும்போது ஒரு சிறுமி பனையோலைப் பட்டையில் பழம் கொண்டுவந்து தந்தாள். பிசுபிசுக்கும் இனிப்பு, உதடு ஒட்டிக்கொள்ள, எல்லோரும் சிரித்தார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து தெற்கே கேப்பாப்புலவு. 2017இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை பிடித்துவைத்திருந்த தங்கள் காணியின் வாசலில், குழந்தைகளோடு, ஒரு மாதம் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். மார்ச் 1 அன்று காணி விடுபட்டது. அந்தப் போராட்டப் பந்தலில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "காணி வந்தது பெரிய விசயம். அதைவிடப் பெரிசு, நாங்கள் கேட்டு வந்தது." தோற்றுத் தோற்றுக் கையறுநிலைக்குப் பழகிய மனதுக்கு, தன் சொல்லால் ஒன்று அசைந்தது என்ற அனுபவத்தைவிட நல்ல மருந்து கிடையாது.

முள்ளிவாய்க்கால்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவே ஒடுங்கிய மணல். போரின் இறுதி நாட்களில் இலட்சக்கணக்கானோர் இதற்குள் நெருக்கப்பட்டார்கள். 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. மணலில் இன்னும் துணிக் கிழிசல்களும் அலுமினியச் சட்டிகளும் தட்டுப்படுகின்றன.

நினைவு நாளான மே 18 காலையில் பேருந்துகளிலும் உழவு இயந்திரங்களிலும் மக்கள் வந்து இறங்கினார்கள். முதலில் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். அந்த இறுதி நாட்களில் வரிசையில் நின்று வாங்கியது அதைத்தான். வரிசையில் நிற்கும்போதே செல் விழுந்து செத்தவர்கள் உண்டு. சிரட்டையில் வாங்கி நானும் குடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தன் பேத்தியிடம், இவ்வளவு கஞ்சியை எத்தனை பேர் பங்கிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிறுமி கேட்டுக்கொண்டே குடித்தாள்.

பிறகு சுடர் ஏற்றினார்கள். அதன் பின் எழுந்த அழுகையை நான் எங்கும் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் தன் ஆளின் பெயரைச் சொல்லி அழுதார்கள். எல்லாப் பெயர்களும் சேர்ந்து ஒரே ஒலியாயிற்று. மதுரையில் ஒரு சாவு விழுந்தால் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம், பறை முழங்குகிறது, ஒப்பாரி வைக்கும் கிழவிகளுக்கு நடுவே விதவையை உட்கார்த்திக் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். துக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து பலர் தோளில் ஏற்றிவிடுகிற ஏற்பாடு அது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. அவசரமாக மணலைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். அதற்கும் நேரமில்லாமல் விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை.

போர் முடிந்தபின் பல ஆண்டுகள் இங்கே கூடி அழுவதே குற்றம்போலப் பார்க்கப்பட்டது. புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. 2021 ஜனவரி 8 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து அதைத் திரும்பக் கட்டவைத்தார்கள். 2024 மே மாதம் திருகோணமலையின் சம்பூரில் கஞ்சி கொடுத்த பெண்கள் கைதானார்கள். உப்புக் கஞ்சிக்குக் கைது!

துயரம் ஆறுவதற்கு மனித குலம் கண்டுபிடித்த மிகப் பழைய வழி, கூடி அழுவது. அதைத் தடுப்பது காயத்தைத் திரும்பத் திரும்பக் கீறுவதற்குச் சமம். அப்படியானால் அந்தத் தடையை எதிர்ப்பதும் உளநலப் பணிதான். அனுமதி மறுக்கப்பட்ட ஆண்டுகளில் பூட்டிய வீட்டுக்குள் இரகசியமாக விளக்கேற்றிய ஒவ்வொரு தாயும், மணியடித்துப் பிரார்த்தனை சொன்ன பாதிரியாரும் அந்தப் பணியைச் செய்தவர்களே.

வற்றாப்பளை

நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். வைகாசிப் பொங்கல் நெருங்கியிருந்தது. முல்லைத்தீவுச் சந்தையில் நந்திக்கடல் இறால் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஊரே மரக்கறிக்கு மாறியிருந்தது. வீதியெங்கும் தோரணம்.

மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் கடல் கடந்து இங்கே வந்தாள் என்பது இந்த ஊர் நம்பிக்கை. களைத்த கிழவியாக வந்தவளை மாடு மேய்க்கும் சிறுவர்கள் கண்டார்கள். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் நீரை எடுத்து ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பார் என்றாள். பார்த்தால் தலை நிறையக் கண்கள். இன்றும் பொங்கலுக்கு முந்திய கிழமை கடலிலிருந்து நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கு எரிக்கிறார்கள். இந்தப் பகுதியில் முல்லைமோடி என்ற பாணியில் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடுவார்கள்.

எங்கள் ஊரில் கண்ணகி நீதி கேட்டதோடு கதையை முடித்துக்கொள்கிறோம். எரிந்த நகரத்துக்குப் பிறகு அவள் எப்படி உயிர்வாழ்ந்தாள், யார் அவளுக்குச் சோறு கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. வன்னி கேட்டிருக்கிறது. அநியாயமாகக் கணவனை இழந்த பெண்ணின் கோபத்தை இந்த மண் நோய் என்று சொல்லவில்லை. பத்தினித் தெய்வத்தின் கோபம் என்று கும்பிட்டது. அடங்கு என்றும் சொல்லவில்லை. பசியாற்றி, கையில் கிடைத்ததை வைத்து விளக்கேற்றிக் கொடுத்தது. கோவில் வாசலில் மண்ணில் விழுந்து "நீதியைத் தா தாயே" என்று கதறுகிற பெண்களைப் பார்த்தேன். காணாமல்போனவரின் படத்தை மடியில் வைத்திருந்தார்கள் சிலர். அவர்களை யாரும் விலக்கவில்லை, வெறித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவர்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணகி முன்பாக அழுவதும் நியாயம் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. நம் உளவியல்தான் இரண்டையும் இரண்டு அறைகளில் வைத்துப் பூட்டியிருக்கிறது.

முள்ளியவளையில் ஒரு பாடசாலை ஆசிரியை உளவளத்துணையும் செய்கிறார். அவருடைய வீட்டுத் திண்ணையில் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்துக்கொண்டு பேசினோம். அவர் நேராகக் கேட்டார்: "இதெல்லாம் பாத்தீங்கள். ஊருக்குப் போய் உங்கட பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கப் போறீங்கள் அக்கா?"

என் பதில் இது. நோயாளி உட்கார்ந்ததும் அவருக்குள் என்ன என்று கேட்பதற்கு முன், அவரைச் சுற்றி என்ன என்று கேட்கச் சொல்லுவேன். வேலி இருக்கிறதா, கடன் இருக்கிறதா, காணி பறிபோயிற்றா, பிணம் கிடைக்காத சாவு இருக்கிறதா, எந்தச் சாதிக்காரர் எந்தத் தெருவில் அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்? கடைசிக் கேள்வி எங்கள் ஊருக்கு. தமிழ்நாட்டிலும் அடித்தவர்களைக் கேட்காமல் அடிபட்டவருக்கு மாத்திரை எழுதும் மருத்துவம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வன்னியில் காணாமல்போனவர்களைப் பற்றிய உண்மை, பறித்த காணி, கூடி அழும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. அந்த மூன்றையும் கேட்கும் மக்களோடு நிற்பது உளவியலாளரின் தொழில் கடமை. அரசியல் என்று ஒதுங்குவதற்கு அதில் இடமில்லை.

ஆசிரியை தலையாட்டினார். "அப்ப ஒரு வேலை செய்யுங்கோ. அடுத்த முறை உங்கட பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. விசுவமடுவில மிளகாய் காம்பு கிள்ள ஆள் காணாது." வருகிறோம் என்றேன். மாணவர்களிடம் சொல்லியாயிற்று, பெயர் கொடுத்தவர்களுக்கு வன்னித் தமிழின் பேச்சு வழக்கை இப்போதே பழக்கத் தொடங்கியிருக்கிறேன்.